தாய்வீட்டுக் காற்று

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர, அறையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு அந்தப் பெட்டியை மாட்டியது. காற்றில் கலந்திருக்கும் உலோகத் தூளை அளந்து உடனுக்குடன் கைப்பேசியில் காட்டுமாம். விலை குறைவாம், புளோக்குக்கு ஒன்று வைக்கலாமாம். நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு எங்கள் வாசலில் இடம் கொடுத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

மூன்றாம் நாளிலிருந்து, பிற்பகலானால் ஈயத்தின் கோடு சிவப்பில் ஏறியது.

"ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்ச பரம்பரை, இதுக்குப் போய் பயப்படுறியே" என்றார் கணவர். அது வெள்ளீயம், இது காரீயம், விஷம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மகள் வயிற்றிலிருக்கும் குழந்தையை நினைத்துத்தான் எனக்குப் பயம். பெட்டியை மாட்டிய பெண்ணுக்குப் போன் செய்தேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"அது தெரியாது ஆன்ட்டி. மலிவான சென்சர், கூடக் காட்டினாலும் காட்டும். லேப்ல செக் பண்ணாத்தான் கன்ஃபர்ம் பண்ண முடியும். நாலு மாசம் ஆகும்லா."

பிரசவத்துக்கு இரண்டே மாதம்தான் இருந்தது. இன்று குறையும், நாளை குறையும் என்று யாரிடமும் சொல்லாமல் நாளைக் கடத்தினேன்.

தேக்கா பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு. கை நிறைய வளையலோடு மகள் எழுந்ததும் சம்பந்தியம்மா, "பேக்கெல்லாம் ரெடி, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"தெம்பனிஸ் வீட்டுலேயே உங்ககூட இருக்கட்டும்" என்றேன், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால்.

காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். உறுதியில்லாத ஒன்றைச் சொல்லிப் பிள்ளைத்தாய்ச்சியை மிரட்டுவதா என்று விழுங்கிக்கொண்டேன். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. பெற்றவள் வீட்டில் அவளுக்கு இடமில்லை என்றுதானே எல்லாரும் நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து, துடைத்து வைத்த அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

மாலையில் அவளே அழைத்தாள். "நான் வர்றது உங்களுக்குக் கஷ்டமா ம்மா?"

அதற்கு மேல் தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சரி, நான் வரல. நீங்களும் அப்பாவும்?"

"நாங்க என்ன?"

"நீங்களும் அந்தக் காத்துலதானே இருக்கீங்க. எங்க போவீங்க?"

அதை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"ஜன்னலச் சாத்திக்கிறோம்" என்றேன்.