குளிர்ந்த வெளிச்சம் விற்றவர்

"...கண்ணாடி போட்டுத்தான் பாக்கோணுங்கறதெல்லாம் வெல்டிங் வெளிச்சத்துக்குங்க. இது பிளாஸ்மா, குளுந்த வெளிச்சம். கண்ணை ஒண்ணும் பண்ணாது, தாராளமாப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, இரும்பு வெட்டும் பிளாஸ்மா மிஷினை விற்க வந்தவர் கறுப்புக் கண்ணாடி வைத்த முகமூடியைத் தம் முகத்தில் மாட்டிக்கொண்டார்.

புதுச்சத்திரத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை அது. விற்க வந்தவர் கஞ்சி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வந்திருந்தார். எதைச் சொன்னாலும் "எங்கம்மா சத்தியமா" என்று முடிப்பார். பாவம் அந்த அம்மா, ஒரு காலை வேளைக்குள் எவ்வளவுதான் தாங்குவார்.

இரும்பையே தண்ணீராக உருக்கும் வெளிச்சம் அது. வெறுங்கண்ணால் பார்த்தவன் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலைக் கொட்டியது போலத் துடிப்பான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் பாருங்கள் என்கிற வாயை என்னவென்று சொல்வது?

தன் வண்டிக்காகக் காத்திருந்த டிரைவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, குளுந்த வெளிச்சம்னா உங்க மூஞ்சிக்கு எதுக்குங்க மூடி?"

"பழக்க தோசமுங்க, எங்கம்மா சத்தியமா."

"அப்ப அத இங்க குடுங்க சாமி. ராத்திரி முட்டை லோடு ஏத்திக்கிட்டுக் கேரளா போவோணும், எனக்குக் கண்ணு வேணும். நீங்க வெறும் மூஞ்சியோட நின்னு வெட்டுங்க."

பட்டறையே சிரித்தது. பட்டறை முதலாளி ஒரு இரும்புத் தகட்டில் சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டார். "இதும்மேல வெட்டுங்க. நல்லா வந்தா வாங்கிக்கறனுங்க."

பொய் சொல்லிவிட்டேன் என்று விற்க வந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் முகமூடியைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்தார். வெட்டுமுனையைக் கோட்டின் மேல் வைத்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.