கேஸ் ஓகே, கதவு ஓகே

நான் மூன்றாவது படித்தபோது ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பைச் சும்மா அணைக்க முடியாது. அணைத்துவிட்டு, அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்து, விரலை நீட்டி அதைக் காட்டி "கேஸ் ஓகே!" என்று கத்த வேண்டும். பின்னால் நிற்கும் நானும் அப்பாவும் அதேபோல் விரலை நீட்டி "ஓகே!" என்று திருப்பிக் கத்த வேண்டும். கதவு, ஃபேன், குழாய் எதையும் விட்டுவைக்கவில்லை.

இது அம்மா வேலை செய்த ஒரகடம் கம்பெனியின் பழக்கம். கார்களுக்கு ஒயர் கட்டும் லைன் அது. ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒருவர் முன்னால் நின்று கையுறை, கண்ணாடி, மெஷின் என்று ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொல்ல, வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். அம்மாவை லைன் லீடராகப் போடலாம் என்று பேச்சு வந்திருந்தது. லீடருக்கு ராத்திரி ஷிஃப்ட் கிடையாது. அம்மா ராத்திரி வேலைக்குப் போகும் வாரங்களில் அப்பாவின் கைதான் எனக்குத் தலையணை. அது கட்டைபோல் இருக்கும். ஆகவே அம்மா லீடர் ஆவதில் அம்மாவைவிட எனக்குத்தான் அவசரம்.

சிக்கல் அம்மாவின் குரலில் இருந்தது. வாலாஜாபாத் பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பி நடந்து வருவாள். மளிகைக் கடையில் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் எங்கள் முறை வரும். கை வேலையில் மட்டும் அவளை யாரும் மிஞ்ச முடியாது. முதல் தடவை லைன் முன்னால் நின்றபோது விரல் நீண்டதாம், சத்தம் வரவில்லையாம். பின்னாலிருந்து யாரோ "இன்னாக்கா, சைலண்ட்ல கீறியா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலமே எங்கள் வீடு லைனாகிவிட்டது. "இன்னாமே, அடுப்புக்கு அரோகரா போட்ற?" என்று அப்பா கிண்டல் செய்வார். ஆனால் ஒரு நாளும் வரிசையில் வந்து நிற்காமல் இருந்ததில்லை. அம்மாவின் சத்தம் அடுப்படியைத் தாண்டவில்லை. நாங்கள் போட்ட சத்தத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். அம்மாவை ஒரு முனையில் நிறுத்திவிட்டு, என்னை மறுமுனைக்கு நடத்திக்கொண்டு போனார். இங்கே கேட்டால் கம்பெனியில் கேட்காமல் போகாது என்பது அவர் கணக்கு. தூரத்தில் அம்மாவின் விரல் நீண்டது. எனக்குக் காற்றும் ரோட்டில் போகும் லாரிகளின் ஹாரனும்தான் கேட்டன. அப்பாவோ விரலை நீட்டி, தொண்டை கிழிய "ஓகே!" என்றார்.

"எனுக்கு கேக்கலப்பா."

"எனுக்கு கேட்டுச்சு. நீயும் சொல்லு."

அவருக்கும் கேட்டிருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கத்தினேன். அம்மாவின் விரல் அடுத்ததற்குப் போனது, அதற்கும் கத்தினோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் முடிந்து அம்மா பக்கத்தில் வந்ததும், "சூப்பரா கேட்டுச்சு" என்று அப்பா கூசாமல் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். டீவியில் கிரிக்கெட் தொடங்கும் நேரம். அதற்குள் வீட்டுக்குப் போகத்தான் அப்பா அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வெந்நீர் கேட்டாள். அப்பா ஓடிப்போய்ப் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் ராத்திரி ஷிஃப்ட் நின்றது. எனக்கு அது போதும். அதன் பிறகு பஸ்ஸிலும் எங்கள் ஸ்டாப்பிலேயே இறங்கினோம். டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அம்மா குரல் கொடுப்பாள். கூச்சம் இப்போது என் பக்கம் வந்துவிட்டது.

நாங்கள் சொன்ன பொய்யால்தான் அம்மாவுக்குத் தைரியம் வந்தது என்று பல வருஷம் பெருமையாக நினைத்திருந்தேன். போன மாதம் என் ஆபீஸ் மீட்டிங்கில் முதல் தடவையாக நான் பேச வேண்டியிருந்தது. முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. "வாயத் தொற, தானா வந்துடும்" என்றாள் அம்மா. எரிச்சலில் ரகசியத்தை உடைத்துவிட்டேன்.

"அன்னிக்கு ஏரிக்கரையில உன் சத்தம் எங்களுக்கு வரவே இல்லம்மா. அப்பா சும்மா சொன்னாரு."

அம்மா துளியும் அசரவில்லை.

"எப்படிடி வரும்? நான்தான் வாயே தொறக்கலையே. வெரல மட்டும் நீட்டிக்கினு நின்னேன். அங்க நீங்க ரெண்டு பேரும் அந்தக் கத்து கத்திக்கினு இருந்தீங்க. அத்த கேட்டுட்டு மறுநாளு நான் எப்படி சும்மா நிக்கிறது?"

அவ்வளவு தூரத்திலிருந்தும் எங்கள் சத்தம் அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அன்று அப்பா என்னை மறுமுனைக்கு நடத்திக்கொண்டு போனார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.