நான் போடச் சொன்ன உப்பு

அன்றைக்கு உப்பளத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். நான், என்னோடு உப்பு வாரும் அக்கா, எங்கள் மேஸ்திரி, பறவைகளைச் சுட்டும் விஷம் வைத்தும் பிடிக்கிறவர்களைத் தடுக்க வனத்துறை தற்காலிகமாக வைத்திருந்த காவலர், சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப்பில் வந்த அதிகாரி. வேறு ஒரு ஈ காக்கா இல்லை. பிற்பாடு வனத்துறை ஆபீசில், "அங்க ஊரே கூடியிருந்துச்சாமே" என்றார்கள். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

காவலரை நாங்கள் அண்ணன் என்போம். அவரிடம் இருந்தது ஒரு தடியும் ஒரு டார்ச்சும். உப்பளத்தை ஒட்டி, பறவைகள் இறங்கும் ஏரிப்பக்கம் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று அவருக்குச் சொல்வது நாங்கள்தான். விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள் வேறு யார்? எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். நாய் குறுக்கே ஓடினாலும் அவருக்குப் போன் செய்துவிடுவேன். ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை.

அந்த மாசி மாதக் காலையில் நான் பயந்தது சரியாகப் போயிற்று. மூட்டையோடு பைக்கில் வந்த இருவர், அண்ணன் வழிமறித்ததும் பைக்கையும் மூட்டையையும் போட்டுவிட்டு வேலிகாத்தான் முட்புதருக்குள் புகுந்து ஓடிவிட்டார்கள். மூட்டையில் செத்துப்போன பதினேழு ஊசிவால் வாத்துகள். ஒன்றின் வாயிலிருந்து நெல் கொட்டியது. வயலுக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தை நெல்லோடு கலந்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதிகாரிக்குப் போன் செய்தார். "கெடாம பாத்துக்கோ, வந்துடறேன்" என்று பதில் வந்தது.

அப்போது மணி ஆறரை. எட்டானது, பத்தானது. ஈ மொய்க்க ஆரம்பித்தது.

"ஏம்பா, உன் ஆபீசர் வர்றதுக்குள்ள அதுங்களே எழுந்து பறந்துடும் போலருக்குதே" என்றார் மேஸ்திரி.

அண்ணன் மறுபடி போன் செய்தார். எடுக்கவில்லை. மீனவர் குப்பத்தில் ஐஸ் கேட்டுப் பார்த்தார். இருந்ததையெல்லாம் போட்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"நாறிப்போச்சுன்னா கேஸ் நிக்காதுன்னு சொல்லிடுவாங்கண்ணே. உப்புல வெச்சுடலாம்" என்றேன்.

எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எது கெடாமல் இருக்க வேண்டுமென்றாலும் எங்கள் கை உப்புக்குத்தான் போகும். மேஸ்திரி ஒரு மூட்டை உப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு வாத்தாக, இறக்கை மடங்காமல் சாக்கில் அடுக்கி உப்பைப் போட்டேன்.

"கருவாட்டுக்காரி தோத்தா போ" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாலு மணிக்கு வந்த அதிகாரி சாக்கைப் பிரித்துப் பார்த்தார். உப்பைக் கையில் எடுத்து அண்ணன் காலடியில் வீசினார்.

"இன்னாய்யா இது? உப்புக்கண்டம் போட்டு வெச்சிருக்கியா? வீட்டுக்கு எத்தினி, விக்கறதுக்கு எத்தினி?"

"கெடக்கூடாதுன்னுதான் சார்..."

"யாரு போட்டது?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவள். சட்டை மடிப்பு கலையாத ஒருவர் சத்தம் போட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கும் ஒட்டிக்கொண்டது. அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான்தான் சார்" என்றார். அதிகாரி அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள், அண்ணனிடம் இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பைக்கின் சொந்தக்காரன், வண்டி முன்னமே திருடு போய்விட்டது என்று பொய்யாக எழுதிக்கொடுத்து, அதே மாதத்தில் அதை ஓட்டிக்கொண்டு போனான். எங்கள் பாத்தி வழியாகத்தான் போனான். ஹாரன் வேறு அடித்தான்.

கிட்டத்தட்ட பத்து மணி நேரம் மாசி வெயிலில் காத்திருக்க வைத்தவருக்கு ஒரு கேள்வி இல்லை. ஒரு ஐஸ் பெட்டி வாங்கித் தராத ஆபீசுக்கு ஒரு கேள்வி இல்லை. விஷம் வைத்தவன் ஹாரன் அடிக்கிறான், காவல் காத்தவர் திருடன். நினைக்க நினைக்க எரிகிறது. வாயை மூடி நின்றேனே, அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். உப்பு போடச் சொன்னது நான், போட்டதும் நான் என்று என் கையாலேயே மனு எழுதியிருந்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அங்கே எழுத்தர் அதைப் பாதிதான் படித்தார்.

"அவரே ஒத்துக்கினு எழுதிக் குடுத்துட்டாரு. நீ இன்னாம்மா புதுசா?"

"அவரு எனக்காக சொன்னாருங்க."

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அவரு செஞ்ச வேலைக்கு பாக்கி நாலு மாச சம்பளத்தையாவது குடுங்க. புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டல" என்றேன்.

"என்கொயரி முடியட்டும்."

எந்த என்கொயரி? என்னை யாரும் கூப்பிடவில்லை. மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. அண்ணன் இப்போது எங்கள் உப்பளத்திலேயே லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார். "விடும்மா" என்கிறார். விடமாட்டேன். திங்கட்கிழமைதோறும் போய் அந்த எழுத்தர் எதிரே நிற்கிறேன். இப்போதும் பயம்தான். ஆனால் கணக்கைச் சத்தமாகவே சொல்கிறேன்: மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, நான்கு மாதம். அவருக்கு நீங்கள் தரவேண்டியது ஐம்பதாயிரம் ரூபாய்.