எடுக்காத நற்கருணை

அம்மை இறந்த வீட்டில், அத்தனை பேர் முன்னால், மைனியைப் பார்த்து நான் அதைச் சொன்னேன்.

களக்காட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில்தான் அம்மை எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். பாளையங்கோட்டையில் வேலை பார்க்கும் நான் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போய் வருவேன். மற்ற நாளெல்லாம் பீத்துணி அலசியதும் கஞ்சி ஊட்டியதும் அண்ணன் மனைவியான மைனிதான். அடக்கத்துக்குப் போனபோது அடுக்களையில் முந்தைய நாள் கஞ்சி தொடப்படாமல் ஆடை கட்டிப்போய் இருந்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. "எங்கம்மையப் பட்டினி போட்டுக் கொன்னுட்டீங்களே" என்று கத்தினேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வேதக்கோயிலில் நற்கருணை; யாரோடும் பகை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தை வாங்கக் கூடாது. முழங்கால்படியிட்டுக் கை நீட்டினேன். அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அதற்கப்புறம் நான் எழுந்து போகவில்லை. வரிசை நகரும்போது பக்கத்தில் இருப்பவள் காலை ஒடுக்கி வழிவிடுவாள். நான் கைப்பையில் எதையோ தேடுவேன். ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிற நாம் ஒரே உடல் என்று குருவானவர் சொல்லும்போது உட்கார முடியாது. வாரநாளிலும் அதே கதைதான். ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறப்பேன், இரண்டு வாய் தின்பேன், மூடிவிடுவேன்.

நாலாவது மாதம், நற்கருணைப் பாட்டு தொடங்கியதும் வெளியே வந்துவிட்டேன். நற்கருணைக்கென்று கட்டிய வெள்ளைச் சேலையோடு களக்காட்டு பஸ் ஏறினேன். நாங்குநேரியில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். நடத்துநர் முறைத்தார். உட்கார்ந்துகொண்டேன்.

மைனி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போன அண்ணன் இன்னும் வரவில்லை.

"நீங்க போவலையா மைனி?"

"அத்த அடக்கத்துக்குப் பொறவு நான் நற்கருணை எடுக்கவே இல்லட்டி. உன்ன நெனச்சாலே வயிறு எரியுது. அந்த வயித்தோட எப்படி எடுக்க?"

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான்.

அவளே பேசினாள். "கடைசியில அத்த வாயத் தொறக்கல. துணிய நனைச்சு உதட்டுல வச்சேன். ஆனா அதுக்கு முந்தி ஒரு நாள், துப்பிட்டாங்கன்னு கோவத்துல கிண்ணத்தத் தூக்கிட்டுப் போயிட்டேன். ராத்திரி வரைக்கும் திரும்பப் போவல. நீ கத்துனப்போ அதுதான் ஞாவத்துக்கு வந்துச்சு."

அந்த ஒரு நாளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வராத நாட்களை எண்ணினால் அது எந்த மூலைக்கு?

"நான் சொன்னது தப்பு மைனி."

"தப்புதான்," என்றாள். பிறகு, "சோறு திம்பியா?"

மீன் குழம்பு கொதிக்கும்வரை பொறுக்கவில்லை. பழைய சோற்றைப் பிழிந்து மோர் ஊற்றி இரண்டு தட்டில் வைத்தாள். தின்றோம். என் தட்டு காலியானதும் கேட்காமலே தன் சோற்றில் ஒரு கை அள்ளி வைத்தாள். அதையும் தின்றேன்.

அடுத்த மாதம் நான் எழுந்து போனேன். அப்பத்தை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் போன் செய்தேன்.

"நீங்க எடுத்தீங்களா மைனி?"

"இல்லட்டி. எழும்பி நடு வழி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"தெரியல. நீ ஒருக்கா வந்துட்டுப் போ."

சனிக்கிழமை பஸ் ஏறினேன்.