ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில்

போன ஞாயிறு நான் ஒரு விழாவில் சிறப்பு விருந்தினர். சிரிக்காதீர்கள்!

கொடைக்கானல் மலையில், கூக்கால் கிராமத்தில் பூண்டு விவசாயம் பார்க்கும் என் தாய்மாமா கதிர்வேல், ஊர் பஸ் ஸ்டாப்பில் சொந்தச் செலவில் நிழற்குடை கட்டியிருக்கிறார். கூரையைவிடப் பெரிதாக இருக்கிறது அவர் பெயர். கறுப்புக் கிரானைட், தங்க எழுத்து.

"எதுக்கு மாமா இவ்வளவு பெருசா?"

"ஏலே, எனக்கப்புறம் எம் பேரச் சொல்ல ஊர்ல ஒண்ணு கெடக்க வேணாமா?"

நியாயம்தானே? யாருக்குத்தான் அந்த ஆசை இல்லை? நானும் மைக்கைப் பிடித்து, தலைமுறைகள் தாண்டியும் இது கதிர்வேல் ஸ்டாப்தான் என்று முழங்கினேன். கைதட்டல்!

அந்த நேரம் பார்த்தா கொடைக்கானல் பஸ் வரவேண்டும்? கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"பொன்னுத்தாயி ஸ்டாப்பு... எறங்குங்க, எறங்குங்க!"

மாமா முகம் போன போக்கு...

"ஏங்க, போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க, ஜோரா இருக்கு. ஆனா பொன்னுத்தாயி ஸ்டாப்புன்னாத்தானே சனம் எறங்குது!"

யார் இந்தப் பொன்னுத்தாய்? நிழற்குடைக்கு எதிர்வீட்டு அக்கா. தினமும் அந்த பஸ்ஸில் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோகிறவர். ஏறும்போது ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில் ஊன்றி நின்றுவிடுவார். மேட்டில் யாராவது மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தால் அவர்கள் ஏறும்வரை அந்தக் கால் நகராது. இந்த பஸ்ஸை விட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டிய ஊர் அது. பரீட்சைக்குப் போனவர்கள், பிரசவத்துக்குப் போனவர்கள்... அந்தக் காலுக்கு எத்தனை பேர் கடன்பட்டிருக்கிறார்களோ!

அன்றைக்கு நானும் கடன்பட்டேன். மாமா "இன்னும் ஒரே ஒரு போட்டோ" என்று என்னை இழுத்துப் பிடித்திருக்க, திரும்பிப் போகிற பஸ் உறுமியது. ஓடினேன். அக்கா கால் ஊன்றிவிட்டார்.

"யக்கா, காலை எடுக்கா! லேட்டாகுது!"

"இருய்யா, மைக்குல கத்துன புள்ள வருது. கத்துனதுல பாதி வேகம் ஓட்டத்துல இல்ல, பாவம்!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஸ்டாப்புக்கே உங்க பேர்தானாமே அக்கா?"

"அந்தக் கொடுமையக் கேக்காத! பஸ் எப்ப வரும்னு சனம் பூரா என் கதவத்தான் தட்டுது. உங்க மாமனையே அந்தப் பேர எடுத்துக்கச் சொல்லு, புண்ணியமாப் போகும்!"

இதை அப்படியே மாமாவிடம் போனில் சொன்னேன்.

நேற்று அவரே கூப்பிட்டார். குரலில் ஒரே துள்ளல்.

"ஏலே, பொன்னுத்தாயிக்குக் காய்ச்சல். இன்னைக்கு வரல. பள்ளிக்கூடத்துப் புள்ளைக ரெண்டு மேட்டுல ஓடி வருதுக. நான் ஊனுனேன்ல காலை!"

"கண்டக்டர் திட்டலையா மாமா?"

"திட்டாம? 'யோவ் கதிர்வேலு, காலை எடுய்யா'ன்னு பஸ்ஸே அதிரக் கத்துனான். எம் பேருடா... எம் பேரு!"

கிரானைட் அவரை இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.