ஆசீர் அண்ணனும் என் பொறாமையும்

செவ்வாய்க்கிழமை காலை போடி பஸ் நிலையத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் திருச்சபைச் செயலாளர் அழைத்தார். “ஆசீர் அண்ணே போயிட்டாக. நாளைக்கு அடக்கம். ஆர்கன் நீங்கதான் வாசிக்கணும்.” என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. கடைசியில் அந்த இடம் எனக்கு வந்துவிட்டது என்ற நினைப்புதான். அவரை நேசித்த சபையாராகிய உங்களிடம் இதை மறைத்துவிட்டு வேறெதையும் எழுத என்னால் முடியாது.

சபைக்கு ஆர்கன் வாசிக்க ஆள் தேடியபோது இருவர் போயிருந்தோம். நான் மதுரையில் முறையாகப் படித்துத் தேறியவன். அவர் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே, அங்கிருந்த சிறிய தேவாலயத்தின் ஆர்மோனியத்தில் தானாகக் கற்றவர். அவரையே எடுத்தார்கள். பாடகர் குழுவும் அவர் கைக்குப் போனது. இருபத்தாறு ஆண்டுகள் அதில் ஒருவனாக அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் பிசகுவதற்காகக் காத்திருந்தேன். பிசகினார், பலமுறை. என்னைத் தவிர யாருக்கும் அது கேட்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன் மலைப்பாதையில் ஜீப்பு கவிழ்ந்து அவருக்கு வலக்கை முறிந்தது. ஆராதனையில் நான் வாசித்தேன். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. வெளியே வந்தவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம், “அண்ணனுக்குக் கட்டு எப்பப் பிரிப்பாக?” என்றுதான். அவரும் கட்டோடு வந்திருந்தார். “மாப்ளே, ஒரு தப்பு இல்ல. ஆனா பாடுறவுக மூச்சு வாங்க நீ நிக்கவே இல்லியேப்பா” என்றார். சொன்னது சரி என்பதால் கோபம் இரட்டிப்பானது.

பிறகு, தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஞாயிறு மத்தியானங்களில் மலையேறினார். “நோட்டு வாசிக்கத் தெரியாதவுகள வச்சு என்ன அண்ணே செய்யப்போறீக?” என்று கேட்டேன். “காது இருக்குல்ல? மெதுவா வரும். வெரசாப் பாடி எங்க போகப்போறோம்?” என்று சிரித்தார். ஈஸ்டருக்கு அவர்கள் இறங்கி வந்து நான்கு குரலாகப் பிரிந்து பாடினார்கள். நான் பாட்டின் நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் போனேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அடக்கத்தில் நன்றாகவே வாசித்தேன். எல்லாரும் போன பின் அவர் மனைவி லீலா மதினி என்னை அருகில் உட்காரச் சொன்னார்.

“புதுப் பாட்டு வந்தா சனிக்கெழமை பூரா ஒங்க அண்ணே பழகுவாக, தம்பி. ‘அவன் நோட்டப் பாத்த ஒடனே வாசிச்சுருவான் லீலா, எனக்கு மட்டும் ஆண்டவரு ஏன் அதத் தரல’ன்னு ஒங்கள நெனச்சுப் பொருமுவாக. ஒருநாளு கோவத்துல பொஸ்தகத்தையே தூக்கி எறிஞ்சாக.”

அந்த நேரத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான், “இன்னொரு தடவ சொல்லுங்க, மதினி” என்றேன். அவர் ஒரு சொல் குறையாமல் மறுபடி சொன்னார்.

அவருடைய பாட்டுகளைச் சபை வைத்துக்கொள்ளட்டும். ஆசீர் அண்ணன் என் மேல் பொறாமைப்பட்டார். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.