சவரி அண்ணையின் அமெரிக்கத் தேர்தல்

அவுஸ்திரேலியாவில், கிளென் வேவர்லியில் எங்கள் வாக்குச்சாவடி ஒரு ஆரம்பப் பாடசாலை. தேர்தல் நாளில் அதன் வாசலில் இரண்டு தமிழர்கள் எதிரும் புதிருமாக நிற்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் பார்த்திருப்பார்கள். ஒருவன் நான், சிறிதரன். மற்றவர் சவரிமுத்து. இரண்டு பேரும் வேறு வேறு கட்சி. இங்கே சீட்டில் விருப்ப வரிசைப்படி இலக்கம் போடவேண்டும்; எந்த வேட்பாளருக்கு ஒன்று, யாருக்கு இரண்டு என்று அச்சடித்த அட்டையை வருகிறவர்களின் கையில் திணிப்பதுதான் எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. வெயிலில் மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

நான் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்தவன். அவர் எனக்கு வெகு முன்னமே மலேசியாவின் ஈப்போவிலிருந்து மாணவராக வந்து, பொறியியல் படித்து, அரசாங்க வேலையில் அமர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவர். எண்பத்தெட்டாம் ஆண்டு மாநிலத் தேர்தலில்தான் முதன்முதலாகச் சந்தித்தோம். என் கையிலிருந்த அட்டையை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "தாளு நல்ல தாளுதான் தம்பி. ஆளுதான் சரியில்ல," என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மத்தியானம் தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதோடு கோபம் போய்விட்டது.

அவரைப் போல வாசலில் நிற்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. நான் அட்டையை நீட்டுவேன், சனம் பார்க்காதது போலப் போகும். அவர் கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன் நிற்பது போல நிற்பார். இத்தாலிக்காரக் கிழவியின் முழங்கால் வலியிலிருந்து சீனக் குடும்பத்தின் மூத்தவன் எந்தப் பாடசாலைக்குப் போகிறான் என்பது வரை விசாரிப்பார். வந்தவர்கள் எல்லோரும் தன்னைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று அந்த மனுசன் உண்மையாகவே நம்பினார்.

ஆனால் சொந்த மகளின் கல்யாண வாசலில் அவர் நிற்கவில்லை. மனைவி ஞானம்மாள் இறந்த பிறகு அவருக்கு மிஞ்சியவள் ரெஜினா ஒருத்திதான். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே ஒரு மாநிலத்தில் வேலையெடுத்து, குடியுரிமையும் எடுத்து, விவாகரத்தான ஒரு வெள்ளைக்காரரைத் தொண்ணூற்றொன்பதில் பதிவுத் திருமணம் செய்தாள். கத்தோலிக்கக் கோயிலில் நடக்காத கல்யாணம் கல்யாணமா என்பது அவருடைய பிடிவாதம். அதை வெளியே சொல்ல வெட்கம். அதே வாரம் இங்கே விக்டோரியாவில் தேர்தல் வந்தது அவருக்கு நல்ல சாட்டாகப் போய்விட்டது.

"எலெக்சன் இருக்கு லா. எப்படிப் போறது?" என்றார் என்னிடம், விட்டுப்போகாத மலேசிய 'லா'வோடு.

"சவரி அண்ணை, உங்கட அட்டையையும் சேர்த்து நானே குடுக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை. என் கட்சிக்காரர் கேட்டிருந்தால் என்னை அடித்தே விரட்டியிருப்பார்கள். அவர் போகவில்லை. அதன் பிறகு தகப்பனும் மகளும் கிறிஸ்மஸுக்கு மட்டும், அதுவும் காலநிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். வீட்டுச் சுவரில் அவளுடைய பட்டமளிப்புப் படத்துக்குப் பிறகு வேறு படம் ஏறவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ரெஜினாவே தொலைபேசி எடுத்தாள். தன்னுடைய மாநிலத்தின் பொருளாளர் பதவிக்குப் போட்டியிடுகிறாளாம். சவரி அண்ணை என் வீட்டுக் குசினிக்குள் நேரே வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதை விளக்கினார். இங்கே நாங்கள் தொகுதி உறுப்பினரைத் தெரிவுசெய்வோம், கஜானா யாருக்கு என்பதை அவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அங்கே அப்படி இல்லையாம். ஆளுநர் ஒருவர், சட்டத்துக்கு ஒருவர், கஜானாவுக்கு ஒருவர் என்று ஒவ்வொரு பதவிக்கும் மாநிலம் முழுவதும் தனித்தனியாக வாக்குப் போடுமாம்.

"முழு மாநிலமும் அவ பேரைப் படிக்கணும் சிறி. என் மவ பேரை," என்றவர், குரலைத் தாழ்த்தி, "என்னைக் கூப்பிடுறா. 'டாட், உங்களுக்கு எலெக்சன் வேலை தெரியும், வந்து ஹெல்ப் பண்ணுங்க'ங்கிறா," என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் மறைக்கவும் இல்லை. அறுந்துபோனதை ஒட்டவைக்க அவருக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. எனக்கும் அது தெரிந்தது. ஆனபடியால் அன்றைக்கு நான் அவரைக் கிண்டல் பண்ணவில்லை.

செப்டம்பரில் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பார். மாநிலத்தில் இந்தியர்கள் கூடுதலாக இருக்கும் ஒரு நகரத்தை மகள் அவரிடம் ஒப்படைத்திருந்தாள். வீடு வீடாகப் போனார். ஞாயிறு காலை பூசை முடிந்ததும் நேரே இந்துக் கோயில் மண்டபத்துக்குப் போய்ப் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வாக்குக் கேட்டார். மருமகனோடும் ராசியாகிவிட்டார். "நல்ல பையன்தான் லா. நான்தான் பாக்காம இருந்துட்டேன்," என்றார் ஒரு நாள். காலையில் ரெஜினாவே அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாளாம். அதைக்கூட எனக்குச் சொன்னார்.

"எப்பிடி அண்ணை நிலைமை?" என்று கேட்டால், "ஒரு வீடு மிச்சமில்ல. எல்லாரும் நம்ம பொண்ணுதான், அவளுக்குத்தான்னு சொல்லிட்டாங்க," என்பார். பொய் இல்லை. தேநீரும் முறுக்கும் கொடுத்து, மனதாரத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் வாக்களிக்காவிட்டால் அபராதம். தேர்தலும் சனிக்கிழமையில்தான். காய்ச்சல்காரன்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து சீட்டைப் போட்டுவிட்டுப் போவான். ஆகவே இங்கே தேர்தல் வேலை செய்கிறவன் எவனும் "வாக்குப் போட வருவீர்களா?" என்று யாரையும் கேட்பதில்லை. யாருக்குப் போடுவீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. இருபது வருடத்துக்கு மேல் சவரி அண்ணைக்கு வாயில் பழகிய கேள்வி அது ஒன்றுதான்.

ரெஜினாவின் அலுவலகத்தில் வேலைகளை நடத்திய பெண் ஒருத்தி கடைசி வாரத்தில் அவரிடம் வந்து, உங்கள் நகரத்துக்கு எத்தனை கார் அனுப்ப வேண்டும், வீடுகளுக்குப் போய் ஆட்களை அழைத்துவர எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இவருக்கு அது தன் ஆட்களைச் சந்தேகப்படுவது போலப் பட்டிருக்கிறது. "எங்க ஆளுங்க உறுதி. நீங்க உறுதியில்லாத எடத்துக்கு அனுப்புங்க," என்று சொல்லிவிட்டார். தலைவியின் தகப்பன் சொல்வதை அவள் எப்படி மறுப்பாள்? கார்கள் எல்லாம் வேறு ஊர்களுக்குப் போயின.

தேர்தல் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை நாள். காலையிலிருந்து குளிர் மழை. ஒரு பாடசாலை வாசலில் குடையோடு நின்ற சவரி அண்ணை, முதலில் நேரம் இருக்கிறது என்று நினைத்தார். பிறகு வேலை முடிந்து வருவார்கள் என்று நினைத்தார். இருட்டிய பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். முறுக்குக் கொடுத்த வீடுகளில் அரைவாசிகூட வரவில்லை. மறுநாள் மத்தியானம் முடிவு தெரிந்தது. முழு மாநிலத்திலும் சில நூறு வாக்குகளால் ரெஜினா தோற்றிருந்தாள். அந்த ஒரு நகரம் வந்திருந்தால் போதும்.

அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தார். சண்டை பிடிக்க அல்ல, அவருக்கு நம்ப முடியவில்லை. ஒருவருக்கு அலுவலகத்தில் மீட்டிங். ஒருத்திக்குப் பிள்ளையின் நீச்சல் வகுப்பு. ஒரு பெடியன் மட்டும் கொஞ்சமும் கூச்சப்படாமல் உள்ளதைச் சொன்னான்: "நீங்கதானே அங்கிள் எல்லாரும் அவங்களுக்குத்தான்னு சொன்னீங்க. அப்புறம் நான் ஒருத்தன் வரலைன்னா என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அன்று பின்னேரம் அவரே மகளிடம் போய்ச் சொன்னார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதே, கார் வேண்டாம் என்றது நான்தான் என்று. "டாட், வருவீங்களான்னு அவங்ககிட்ட கேட்டீங்களா? ஒருத்தர்கிட்டயாவது?" என்று கேட்டாள். இவர் இல்லையென்று தலையாட்டினார். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். ஒரு வருடமாக வேலையை விட்டுவிட்டு அந்த மாநிலத்தைச் சுற்றி அலைந்தவள். ஒரு சொல் ஏசியிருக்கலாம், ஏசவில்லை. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, வந்ததற்கு நன்றி என்றாள். திரும்ப வாங்கோ என்று சொல்லவில்லை.

அவர் இங்கே வந்து இறங்கிய இரண்டாவது சனிக்கிழமை எங்கள் விக்டோரியாத் தேர்தல். காலையில் வாசலில் அவரைக் காணவில்லை. அவருடைய கட்சிக்காரர்கள் என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள், பாருங்கள் கூத்தை. மத்தியானம் நான் அட்டைகளைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். சவரம் செய்யாத முகத்தோடு கதவைத் திறந்தார்.

"என்ன அண்ணை, வாக்குப் போட வரேல்லையோ? அபராதம் வரும்."

"வரட்டும்."

"எழும்புங்கோ. எல்லாரும் உங்களைத்தான் கேக்கினம்."

"அவங்க எனக்காக வர்றாங்கன்னு இத்தனை வருசமா நெனச்சிக்கிட்டு நின்னிருக்கேன், சிறி. அபராதத்துக்குப் பயந்து வந்தாங்க. நான் ஒருத்தன் வாசல்ல நின்னு பல்லக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. ஏசித்தான் அதை அடக்கினேன். "விசர்க் கதை கதைக்காதேங்கோ, சட்டையை மாத்துங்கோ," என்று கத்தி, காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வாக்குப் போட்டார். இத்தாலிக்காரக் கிழவி கையைப் பிடித்து, எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். அவர் சிரித்தார். ஆனால் அட்டையைக் கையில் எடுக்கவில்லை. அதன் பிறகு எடுக்கவேயில்லை. இப்போது எனக்கு எதிரே ஒரு இளம்பெண் நிற்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் அவளோடு எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியவில்லை.

போன மாதம், இந்த இரண்டாயிரத்து ஒன்பது ஓகஸ்டில், அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் அமெரிக்கப் பத்திரிகைச் செய்தியொன்றை அச்செடுத்து வைத்திருந்தார். அதில் ரெஜினாவின் படம். அடுத்த வருடம் அதே பதவிக்கு மறுபடியும் நிற்கப்போகிறாளாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"அப்ப எப்ப வெளிக்கிடுறியள், அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நானே போன் பண்ணிக் கேட்டேன். இந்தத் தடவை ஒவ்வொருத்தர்கிட்டயும் வருவீங்களான்னு கேக்குறேன், நானே வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்."

"பிள்ளை என்ன சொன்னவள்?"

"'வேணாம் டாட், உங்களுக்கு வயசாச்சு, நீங்க ரெஸ்ட் எடுங்க, இங்க ஆளுங்க இருக்காங்க'ன்னா."

"சும்மா சொல்லுறாள். கோபத்தில சொல்லியிருப்பாள். நீங்கள் போய் நிண்டால் வேண்டாம் எண்டுவாளோ?"

"கோபமா சொல்லியிருந்தா அன்னைக்கே டிக்கெட் எடுத்திருப்பேன், சிறி," என்றார். "ரொம்ப அன்பா சொன்னா."